புது காருக்கு 38,000 ரூபாய் கோட்டிங் தேவையா? ஒரு திருவண்ணாமலைக்காரனோட கணக்கு



புது கார் டெலிவரி எடுத்தவங்க எல்லாருக்கும் இந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். சாவி கைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு மேஜைக்கு எதிர்ல உட்கார வைப்பாங்க. ஜூஸ் வரும். ஜூஸ் பாதி குடிக்கும்போது லேமினேட் பண்ணின ஒரு அட்டை வரும். டெஃப்லான், செராமிக், பி.பி.எஃப்., அண்டர்பாடி கோட்டிங்னு வரிசையா பேரு, பக்கத்துல விலை.

"சார், பத்து லட்சம் போட்டு வண்டி எடுக்கிறீங்க. இந்த 38,000-ல போய் என்ன சார் யோசிக்கிறீங்க? லோன்லயே சேர்த்துடலாம். மாசம் அறுநூறு ரூபாதான்."

நான் சரின்னு தலையாட்டினவன். அதனாலதான் இந்தப் பதிவு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். கார் பெயிண்ட்டைப் பாதுகாக்கணும், அதுல மாற்றுக்கருத்தே இல்ல. ஆனா அந்த வேலையில பெரும்பகுதியை ரெண்டு பக்கெட்டும் நாலு நல்ல துணியும் செஞ்சிடும். சம்பளத்துல வாழ்ற நம்மள மாதிரி ஆளுங்க, கோட்டிங்கைக் கடன்ல சேர்த்து வாங்கவே கூடாது. அதுக்காக இன்ஷூரன்ஸைக் குறைக்கிறது அதைவிடப் பெரிய தப்பு. நான் ரெண்டையும் செஞ்சேன்.

அந்த மேஜையில நான் போட்ட கணக்கு

எனக்கு ஊர் திருவண்ணாமலை, வேலை சென்னையில. முதல் கார். 38,000 ரூபாய்க்கு செராமிக் கோட்டிங், மூணு வருஷ வாரண்டி. அதை லோன்ல சேர்த்ததும் மொத்தத் தொகை நான் மனசுல வச்சிருந்ததைத் தாண்டிடுச்சு. எங்கயாவது குறைக்கலாமேன்னு இன்ஷூரன்ஸ் தாளைப் பார்த்தேன். ஜீரோ டெப்ரிசியேஷன்னு ஒரு ஆட்-ஆன், 4,200 ரூபாய். "இது வேணாம், எடுத்துடுங்க"ன்னு பெரிய புத்திசாலி மாதிரி சொன்னேன்.

காரை நேரா ஊருக்கு ஓட்டிட்டுப் போய் பூஜை போட்டோம். மூணாவது மாசம் ஒரு பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துல திருவண்ணாமலை எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். காரை ஓரமா நிறுத்திட்டு நான் நடந்துட்டு இருக்கேன். ரிவர்ஸ் எடுத்த ஒரு ஷேர் ஆட்டோ முன் பம்பர் மூலையில இடிச்சிட்டுப் போயிடுச்சு. பம்பர் போச்சு, ஹெட்லைட் போச்சு, ஃபெண்டர் நசுங்கிடுச்சு.

பில்லைப் பாருங்க. பம்பர் 4,800. ஹெட்லைட் 9,000. பெயிண்டிங் 6,000. டிங்கரிங் கூலி 1,500. மொத்தம் 21,300 ரூபாய். சாதாரண பாலிசியில பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்குப் பாதித் தொகையைத் தேய்மானம்னு கழிப்பாங்க. வண்டி புதுசா இருந்தாலும் அதே 50%தான். ஹெட்லைட்டையும் அந்தக் கணக்குலதான் சேர்த்தாங்க. பெயிண்டிங்கை ஒரே தொகையா பில் போட்டா, அதுல 25% பெயிண்ட் பொருளோட விலைன்னு எடுத்துக்கிட்டு, அதுல பாதியைக் கழிப்பாங்க. இதுக்கு மேல, 1500 சி.சி. வரைக்கும் உள்ள கார்னா ஒவ்வொரு கிளெய்முக்கும் முதல் 1,000 ரூபாய் கட்டாயம் நம்ம பொறுப்பு.

அப்போ என் கையை விட்டுப் போனது: பம்பர்ல 2,400, ஹெட்லைட்ல 4,500, பெயிண்ட்ல 750, கட்டாயப் பங்கு 1,000. ஆக 8,650 ரூபாய். அந்த 4,200-ஐக் கட்டியிருந்தா வெறும் 1,000 ரூபாயோட முடிஞ்சிருக்கும்.

38,000 ரூபாய் கோட்டிங் அன்னைக்கு என்ன செஞ்சுது? ஒண்ணுமே செய்யல. அது செய்ற பொருளும் இல்ல. மாத்தின பம்பர்ல கோட்டிங்கும் கிடையாது, அதுக்குத் தனியா காசு கேட்டாங்க.

முதல்ல, பெயிண்ட்னா என்னன்னு பார்த்துடலாம்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் ஆலைகள்ல வேலை பார்க்கிற நண்பர் யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க. காரோட இரும்பு உடம்பை முதல்ல ஒரு பெரிய தொட்டியில முழுக்காட்டி, மின்சாரம் மூலமா துருத் தடுப்புப் பூச்சு ஏத்துவாங்க. அதுக்கு மேல பிரைமர், அதுக்கு மேல கலர், கடைசியா கண்ணாடி மாதிரி ஒரு கிளியர் கோட். நடுநடுவுல அடுப்புல வச்சு சுடுவாங்க. எல்லா அடுக்கும் சேர்த்து சுமார் 100 முதல் 150 மைக்ரான். நாம ஜெராக்ஸ் எடுக்கிற தாள் ஒண்ணோட தடிமன் சுமார் 100 மைக்ரான். அவ்ளோதான் மொத்தப் பெயிண்ட்டும்! அதுல கிளியர் கோட் மட்டும்னா கிட்டத்தட்ட 40, 50 மைக்ரான்.

இதுல ரெண்டு விஷயத்தை மனசுல வைங்க.

ஒண்ணு, ஆலையிலேயே சுட்டு வர்றதால, "புது பெயிண்ட் இன்னும் செட் ஆகல சார், அதனால இப்பவே கோட்டிங் போடணும்"னு சொன்னா நம்பாதீங்க. செட் ஆக நாள் பிடிக்கிறது, விபத்துக்கு அப்புறம் பட்டறையில அடிக்கிற பெயிண்ட்டுக்குத்தான்.

ரெண்டு, ஒவ்வொரு "ரப்பிங் பாலிஷ்"லயும் அந்தக் கிளியர் கோட்ல கொஞ்சம் தேய்ஞ்சு போகுது. கீறல் மறையறது எப்படி? கீறலைச் சுத்தி இருக்கிற மேடான பகுதியைச் சுரண்டி சமமாக்கிடறாங்க. சர்வீஸ் விடும்போதெல்லாம் ரப்பிங் போட்டா, காரைப் பளபளப்பாக்கறோம்னு நினைச்சுக்கிட்டு பெயிண்ட்டோட ஆயுளைக் குறைக்கிறோம்.

மூணு பேரு, மூணு வேலை

டெஃப்லான்: தோசைக்கல்லுல இருக்கே, அந்தப் பேரு. தோசைக்கல்லுல அதை ஒட்ட வைக்க அதிக வெப்பத்துல சுடணும், ஏன்னா அது உருகவே சுமார் 327 டிகிரி செல்சியஸ் வேணும். உங்க காரை அந்தச் சூட்டுல வைக்க முடியுமா? முடியாது. அதனால ஷோரூம்ல டெஃப்லான்னு துணியால தேய்க்கிறது நடைமுறையில ஒரு பாலிஷ். சில மாசம் பளபளப்பா இருக்கும், அப்புறம் கழுவக் கழுவப் போயிடும்.

செராமிக்: சிலிக்கா சார்ந்த திரவம். காய்ஞ்சதும் ரொம்ப மெல்லிசான, கெட்டியான படலமா ஒட்டிக்கும். தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடும், அழுக்கு சீக்கிரம் போகும், வெயில்ல பளபளப்பு நிக்கும். இது பொய் இல்ல. ஆனா "9H கடினம், கீறலே விழாது"ன்னு சொல்வாங்க பாருங்க, அந்த 9H பென்சில் கடினச் சோதனையில வர்ற எண். 9H பென்சிலால கீறினா கீறல் விழலன்னு அர்த்தம். மணலும் சாவியும் பென்சில் இல்லையே! கல் தெறிச்சா செராமிக் தடுக்காது.

பி.பி.எஃப்.: இது பூச்சு இல்ல, ஒட்டற பிளாஸ்டிக் படலம். பொதுவா 150 முதல் 200 மைக்ரான், அதாவது பெயிண்ட்டைவிடத் தடிமன் அதிகம். மூணுல நிஜமாவே அடி வாங்கிக்கிறது இது ஒண்ணுதான். அதுக்கேத்த மாதிரி விலையும் எகிறும்.

அறுநூறு ரூபாய்தானா?

இப்போ நம்ம வேலைக்கு வருவோம். 38,000 ரூபாயை 9% வட்டியில 7 வருஷ லோன்ல சேர்த்தா மாசம் சுமார் 611 ரூபாய். அந்த சேல்ஸ்மேன் பொய் சொல்லல. ஆனா 84 மாசத்துல நீங்க கட்டறது சுமார் 51,350 ரூபாய். கோட்டிங் வாரண்டி மூணு வருஷம். அதாவது வாரண்டி முடிஞ்ச பிறகும் இன்னும் 48 தவணை, கிட்டத்தட்ட 29,300 ரூபாய், அந்தப் பூச்சுக்காகக் கட்டிட்டே இருப்பீங்க.

இந்த ஒரு விதியை மட்டும் எழுதி வச்சுக்கோங்க: ஒரு பொருளோட ஆயுளைவிட அதோட EMI நீளமா இருக்கக் கூடாது. காருக்கு மட்டும் இல்ல, ஃபோனுக்கும் சோஃபாவுக்கும் இதே விதிதான்.

"சரி, ஆனா ரீசேல்ல அந்தக் காசு திரும்பி வருமே?"ன்னு கேப்பீங்க. பழைய கார் வாங்கறவங்க எத்தனாவது ஓனர், எத்தனை கிலோமீட்டர், சர்வீஸ் ரெக்கார்டு இருக்கா, அடிபட்ட வண்டியான்னு பார்ப்பாங்க. ஒவ்வொரு பேனல்லயும் மீட்டர் வச்சு பெயிண்ட் தடிமன் பார்ப்பாங்க, திரும்ப அடிச்ச பெயிண்ட்டான்னு தெரிஞ்சுக்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி செராமிக் போட்டதுக்கு யாரும் தனியா காசு தர மாட்டாங்க. இன்ஷூரன்ஸ் கணக்குலயே உங்க காரோட மதிப்பு ஆறு மாசம் தாண்டினா 15%, ரெண்டு வருஷம் தாண்டினா 30%, நாலு வருஷம் தாண்டினா 50% குறைஞ்சிடும். பூச்சு போட்டாலும் போடாட்டாலும் இதே கணக்குதான்.

நம்ம ஊர்ல பெயிண்ட்டோட நிஜ எதிரிகள்

இப்போ அந்த ரெண்டு பக்கெட் கதை. என் கார்ல முதல் கீறல் எப்படி விழுந்துச்சுன்னு சொல்றேன். ஆட்டோ இடிச்சதுக்கு ரொம்ப முன்னாடி அது.

பூஜை முடிஞ்ச மறுநாள் காலையில அஞ்சரை மணி. வாசல்ல அப்பா. கையில பழைய வேட்டித் துணி. பானெட்ல இருந்த தூசியை, காய்ஞ்ச சந்தனத்தை, உலர்ந்த துணியாலயே அழுத்தி வட்ட வட்டமா துடைச்சிட்டு இருக்கார். அவருக்கு அது மகன் வாங்கின முதல் கார். நான் என்ன சொல்றது? வெயில் ஏறினதும் பார்த்தா சிலந்தி வலை மாதிரி வட்டக் கீறல்கள். 38,000 ரூபாய் செராமிக்கைத் தாண்டி!

தப்பு அப்பா மேல இல்ல. எனக்கே தெரியாதப்ப அவருக்கு யார் சொல்லித் தர்றது? அன்னைக்கு அப்புறம் நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

*பூஜை:* பூஜை போடாதீங்கன்னு சொல்லல, நானும் போட்டவன்தான். சந்தனம், குங்குமத்தைப் பெயிண்ட்ல வைக்காம முன் கண்ணாடியிலயும் நம்பர் பிளேட்லயும் வைக்கச் சொல்லுங்க. "சாமி, கண்ணாடியில வைங்க"ன்னு சொன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கற்பூரம் தட்டுலயோ தரையிலயோ எரியட்டும், பானெட் மேல வேணாம். மாலையில கம்பி இருக்கான்னு பாருங்க, ஓட்டும்போது ஆடி ஆடிக் கீறிடும். எலுமிச்சை டயருக்கு அடியில இருக்கிற வரைக்கும் பிரச்சினை இல்ல. சாறு பெயிண்ட்ல தெறிச்சா அது அமிலம், உடனே தண்ணி ஊத்திடுங்க. பெயிண்ட்ல பொட்டு வச்சே ஆகணும்னா, அன்னைக்கு சாயங்காலமே ஈரத்துணியால ஊற வச்சு எடுத்துடுங்க. வெள்ளைக் காரா இருந்தா மஞ்சள் கறை பிடிச்சுக்கும்.

*பறவை எச்சம்:* நிழலுக்குப் புளியமரத்தடியில நிறுத்துவோம். எச்சம் விழும். நம்ம ஊரு மே மாச வெயில்ல அது பெயிண்ட்டை அரிச்சுத் தடம் விட்டுடும். காய்ஞ்சதைச் சுரண்டாதீங்க. ஈரத்துணியை அஞ்சு நிமிஷம் அது மேல போட்டு வச்சு, ஊறினதும் மெதுவா தூக்கி எடுங்க. டேஷ்போர்டுல ஒரு தண்ணி பாட்டில், ஒரு துணி எப்பவும் இருக்கட்டும்.

*மயில்:* சிரிக்காதீங்க. செங்கம் ரோட்டுல ரமணாசிரமம் பக்கம் மயில்கள் சகஜமா திரியும். பளபளப்பான கறுப்புக் கார்ல தன் உருவத்தைப் பார்த்தா, வேற மயில்னு நினைச்சுக் கொத்தும். அந்தப் பக்கம் நிறுத்தினா கவர் போடுங்க.

*கவர்:* ஆனா தூசி படிஞ்ச கார் மேல கவர் போடாதீங்க. காத்துல கவர் அசைய அசைய அது உப்புத்தாள் வேலை பார்க்கும். கழுவின காருக்கு மட்டும் கவர்.

*போர் தண்ணி:* உப்புத் தண்ணில கழுவி வெயில்ல காய விட்டா வெள்ளை வெள்ளையா புள்ளி விழும். காலையிலயோ சாயங்காலமோ நிழல்ல கழுவுங்க, கழுவின கையோட துடைச்சிடுங்க. முடிஞ்சா கடைசி அலசுக்கு மட்டும் நல்ல தண்ணி.

*கழுவுற முறை:* முதல்ல வெறும் தண்ணி ஊத்தி மணலை இறக்குங்க. ஒரு பக்கெட்ல கார் ஷாம்பு, இன்னொண்ணுல வெறும் தண்ணி. துணியை ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணில அலசிட்டு அப்புறம் ஷாம்புல முக்குங்க. மேல இருந்து கீழ. டயருக்குப் போட்ட துணி பானெட்டுக்கு வரக் கூடாது. கீழ விழுந்த துணியைத் துவைக்காம திரும்பத் தொடாதீங்க. பாத்திரம் கழுவுற லிக்விட், துணி சோப்புத்தூள் வேணாம். டீசல் போட்டுத் துடைச்சா பளபளக்கும்னு பழைய டிரைவர் அண்ணன்கள் சொல்வாங்க. அது எண்ணெய் மினுமினுப்பு, தூசியை இழுத்துப் பிடிச்சு வச்சுக்கும்.

ஷாம்பு, ரெண்டு பக்கெட், நாலு மைக்ரோஃபைபர் துணி, வருஷத்துக்கு மூணு நாலு தடவை கையால போடுற வாக்ஸ். எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய்க்குள்ள முடிக்கலாம். மாசம் ரெண்டு தடவை, தடவைக்கு ஒரு மணி நேரம்.

சின்னக் கீறலுக்கு கிளெய்ம் போடலாமா?

போடறதுக்கு முன்னாடி பேப்பர் எடுங்க. முதல் வருஷம் கிளெய்ம் இல்லன்னா, புதுப்பிக்கும்போது சொந்த சேத பிரீமியத்துல 20% நோ கிளெய்ம் போனஸ். அப்புறம் 25, 35, 45, அஞ்சு வருஷம் சுத்தமா இருந்தா 50%. உங்க சொந்த சேத பிரீமியம் 12,000-ன்னு வைங்க. ஒரு கதவு பெயிண்ட் 3,500 ரூபாய்க்கு கிளெய்ம் போட்டா 1,000 உங்க பங்கு, 2,400 போனஸ் இழப்பு. மிச்சம் 100 ரூபாய்! அதோட போனஸ் ஏணியில திரும்ப அடியில இருந்து ஏறணும். சின்னக் கீறலுக்கு டச்-அப் பெயிண்ட், இல்லன்னா கைக்காசு. பெரிய அடிக்குத்தான் இன்ஷூரன்ஸ்.

அப்போ கோட்டிங் யாருக்குத்தான்?

எதிர் பக்கத்தையும் சொல்லணும். வாரா வாரம் திண்டிவனம் ரோட்டுலயோ கிருஷ்ணகிரி ரோட்டுலயோ லாரி பின்னாடி போறவர், அதே காரைப் பத்து வருஷம் வச்சுக்கப் போறவர், ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் தனியா வச்சிருக்கிறவர், ரொக்கமா கொடுக்கக் கூடியவர்: இந்த நாலும் நீங்கன்னா பி.பி.எஃப். யோசிக்கலாம். அதுவும் முழு காருக்கு வேணாம். முன் பம்பர், பானெட், கண்ணாடி மூடி, கதவு விளிம்பு போதும். கழுவ நேரமே இல்ல, வண்டி முழு நாளும் வெயில்லதான்னா செராமிக்ல அர்த்தம் இருக்கு. ஆனா டெலிவரி நாள்லயே போடணும்னு ஒண்ணும் இல்ல. ஒரு மாசம் கழிச்சு, வெளியில ரெண்டு மூணு இடத்துல விலை கேட்டு, ரொக்கத்துல போடுங்க. ஜூஸ் குடிச்சிட்டு முடிவெடுக்க வேணாம், அவ்ளோதான்.

டெலிவரிக்கு முன்னாடி இதைச் செய்ங்க

1. பகல் வெளிச்சத்துல, பதிவுக்கு முன்னாடியே பெயிண்ட்டைச் சுத்திப் பாருங்க.
2. "டெலிவரிக்காக பாலிஷ் போட வேணாம், தண்ணி மட்டும் அடிங்க"ன்னு எழுத்துல சொல்லுங்க.
3. கோட்டிங், ஆக்சசரீஸ் எதுவும் கட்டாயம் இல்ல. விலைப்பட்டியல்ல தனித்தனியா கேளுங்க.
4. லோன் தொகையில காரோட விலை தவிர வேற எதுவும் ஒளிஞ்சிருக்கான்னு பாருங்க.
5. ஜீரோ டெப்ரிசியேஷனை எடுக்காதீங்க, அதாவது பாலிசியில இருந்து எடுத்துடாதீங்க! புது காருக்கு முதல் மூணு நாலு வருஷம் அது இருக்கட்டும்.
6. கோட்டிங்குக்குன்னு நினைச்ச காசைத் தனியா ஒரு ஆர்.டி.யில போடுங்க. முதல் அடி விழும்போது அது பேசும்.

இப்போ எங்க வீட்டு வாசல்ல ரெண்டு பக்கெட் இருக்கு, நீலம் ஒண்ணு, சிவப்பு ஒண்ணு. நான் ஊருக்கு வர்ற சனிக்கிழமை அப்பாவே காலையில தண்ணி பிடிச்சு வச்சிடுறார். சிவப்புல துணியை அலசாம நான் நீலத்துல முக்கினா, "டேய், அலசிட்டுப் போடுடா, நீதானே சொன்ன"ன்னு திட்டறார். பானெட்ல அந்த வட்டக் கீறல்கள் இன்னும் இருக்கு. ரப்பிங் போட்டு எடுக்கலாம்னு சர்வீஸ்ல சொன்னாங்க. நான் விட்டுட்டேன்.

உங்க அட்டையில எவ்ளோ எழுதியிருக்காங்கன்னு பாருங்க. அதுக்கான மாசத் தவணையை உங்க லோனோட மொத்த மாசக் கணக்கால பெருக்கிப் பாருங்க. அப்புறம் முடிவு உங்களோடது.